இன்புளுவென்சாவும் மூலிகைக் குடிநீரும்



வீட்டில் ஒருவருக்குத் தடிமனும் காய்ச்சலும் கண்டால், கொத்தமல்லியையும் வேர்க்கொம்பையும் தட்டிப் போட்டு அவித்து, இளஞ்சூட்டோடு ஒரு பேணி குடிக்கக் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். இவ்வழக்கத்தில் இனமும் மொழியும் குறுக்கே நிற்பதில்லை. சிங்கள மக்கள் 'பஸ்பங்குவ' என்று வழங்கும் ஐங்கூட்டுக் குடிநீரில் கொத்தமல்லி, வேர்க்கொம்பு, பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஆகியன சேர்கின்றன. நம் சித்த வைத்தியர்களின் குடிநீர்களிலும் இவற்றுட் பல உண்டு. ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி முதலியனவும் உண்டு. ஏட்டுச் சுவடியைக் கண்ணாலும் கண்டிராத பாட்டிமார் இவற்றின் பெயரையும் பக்குவத்தையும் அறிந்திருந்தனர்.

இப்பழைய குடிநீருக்கு அண்மைக் காலத்திற் புதிய புகழ்மொழி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. 'நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்' என்பதே அது. 2020ஆம் ஆண்டிற் கொரோனாப் பெருந்தொற்று பரவியது முதல், புட்டிகளிலும் பொதிகளிலும் விளம்பரங்களிலும் இம்மொழி நம் கண்ணிற் படாத நாளில்லை. இச்சொற்றொடர் மெய்யாகவே எதைக் குறிக்கின்றது? இன்புளுவென்சாக் காய்ச்சல் கண்டவரின் உடலில் நிகழ்வது யாது? அங்கே மூலிகைக்கு உரிய இடம் எது? இம்மூன்று வினாக்களையும் இன்று ஆராய்வோம். நான் மருத்துவனல்லேன், கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலையிற் பணிபுரியும் ஆசிரியன். ஆயினும், ஒரு கூற்றைக் கேட்டவுடன் அதற்குச் சான்று எதுவென வினவுதல் எல்லாத் துறைக்கும் பொதுவான பழக்கமன்றோ?

முதலில் நோயை அறிவோம். தடிமன் வேறு, இன்புளுவென்சா வேறு. சாதாரண தடிமன் மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், ஆயினும் அது ஆளைப் படுக்கையிற் கிடத்துவது அரிது. இன்புளுவென்சாவோ காலையில் நலமாக இருந்தவரை மாலையிற் பாயில் வீழ்த்திவிடும். கடுங்காய்ச்சல், குளிர்நடுக்கம், தலையிடி, கைகால் உளைவு, வறட்டிருமல் ஆகியன ஒருங்கே தாக்கும். காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களிலே தணிந்துவிடும். இருமலும் சோர்வும் இரண்டு கிழமை வரை நிற்பதுமுண்டு. நம் நாட்டில் இந்நோய் ஆண்டில் இருமுறை மிகுவது வழக்கம். ஏப்பிரல் முதல் யூன் வரை ஒருமுறை. நவம்பர் முதல் சனவரி வரை மற்றொருமுறை. அக்காலங்களிற் பாடசாலை வரவுப் பதிவேட்டைப் பார்த்தாலே நோயின் வருகை தெரிந்துவிடும்.

இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரசு. 1933ஆம் ஆண்டில் இலண்டனில் வில்சன் சிமித், கிறிஸ்தோபர் அன்றூஸ், பற்றிக் லெயிட்லோ என்னும் மூவர் இதனை நிறுவினர். நோயாளியின் தொண்டையைக் கழுவிய நீரை மிக நுண்ணிய வடிகட்டியால் வடித்தெடுத்து, கீரியைப் போன்ற பெரெட் என்னும் சிறு விலங்கின் மூக்கில் இட்டனர். பற்றீரியாக்கள் அவ்வடிகட்டியிலே தங்கிவிடும். அப்படியிருந்தும் விலங்குக்கு நோய் கண்டது. பற்றீரியாவினும் நுண்ணியதொரு பொருளே காரணம் என்பது இதனாற் புலனாயிற்று. அவ்வைரசு தானாகப் பெருக வல்லதன்று. நம் மூச்சுப் பாதையின் கலங்களுட் புகுந்து, அக்கலங்களின் கருவிகளைத் தன்வயப்படுத்தி, தன்னை ஒத்தவற்றைப் பல்லாயிரக் கணக்கில் ஆக்கிக்கொள்ளும்.

இனி, நம் உடல் என்ன செய்கின்றது என்று பார்ப்போம். பாடநூல்களில் 'நிர்ப்பீடனம்' என்று கூறப்படும் நோயெதிர்ப்பு, ஒரே ஆற்றலன்று. அது பல படிகளாக நிகழும் ஒரு தொழிற்பாடு.

முதற்படி சில மணி நேரத்துக்குள்ளே தொடங்கிவிடும். கிடுகால் வேய்ந்த வீடுகள் நெருங்கிய ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டிலே தீப்பற்றுகிறது. அவ்வீட்டைக் காப்பாற்ற இயலாது. ஆயினும் வீட்டுக்காரன் கூக்குரலிடுகிறான். அது கேட்ட அயலவர், தீ தம் கூரைக்கு வருமுன்னே அதனை நீரூற்றி நனைத்துக்கொள்கின்றனர். வைரசு புகுந்த கலமும் இவ்வாறே ஒரு புரதத்தை வெளிவிட்டு அயற்கலங்களை எச்சரிக்கின்றது. எச்சரிக்கப்பட்ட கலங்கள் வைரசு பெருக இடங்கொடாதவாறு தம்மை மாற்றிக்கொள்கின்றன. இப்புரதத்துக்கு 'இன்ரபெரோன்' என்று பெயர். 1957ஆம் ஆண்டில் இலண்டனிலே அலிக் ஐசக்ஸ் என்னும் பிரித்தானியரும், சான் லிண்டன்மன் என்னும் சுவிற்சர்லாந்து நாட்டவரும் இதனைக் கண்டறிந்தனர். அவர்கள் தம் ஆய்வுக்குக் கையாண்டது இன்புளுவென்சா வைரசையே என்பது குறிப்பிடத்தக்கது. வெப்பத்தாற் செயலிழந்த அவ்வைரசைக் கோழிமுட்டையின் உட்சவ்வோடு சேர்த்தபோது, பின்னர் வந்த உயிர்ப்புள்ள வைரசு அச்சவ்விற் பெருக இயலாது போயிற்று.

அதே வேளையிற் குருதியிலுள்ள வெண்குழியங்கள் மூச்சுப் பாதைக்கு விரைகின்றன. தின்குழியங்கள் வைரசையும் சிதைந்த கலங்களையும் விழுங்குகின்றன. இதுவே இரண்டாம் படி. ஏறத்தாழ ஒரு கிழமை செல்ல மூன்றாம் படி முழுமை பெறும். நிணநீர்க் குழியங்களுள் ஒரு வகை, வைரசு குடிபுகுந்த கலங்களைத் தேடி அழிக்கும். மற்றொரு வகை, இவ்வைரசுக்கென்றே அளந்து தைத்தாற் போன்ற பிறபொருளெதிரிகளை ஆக்கும். நோய் தணிந்த பின்பும் இவற்றின் நினைவு உடலில் நிலைக்கும். அதே வைரசு மீண்டும் வருமாயின், உடல் அதனை முன்னறிந்த பகைவனாக எதிர்கொள்ளும்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. காய்ச்சலையும் உளைவையும் சோர்வையும் நாம் வைரசின் செயல் என்று கருதுகிறோம். அவற்றின் பெரும்பகுதி நம் உடலின் செயலேயாகும். இன்ரபெரோனும் வெண்குழியங்கள் வெளிவிடும் பிற செய்திப் புரதங்களும் மூளைக்குச் சென்று உடலின் வெப்பநிலையை உயர்த்துகின்றன; தசைகளில் நோவை விளைக்கின்றன; 'படுத்துறங்கு' என்று கட்டளையிடுகின்றன. மருத்துவத்தின் பொருட்டு இன்ரபெரோனை ஊசியாக ஏற்றினால், வைரசு இல்லாதவருக்கும் இன்புளுவென்சாவைப் போன்ற காய்ச்சலும் உளைவும் வருவதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு அப்புகழ்மொழியை மீண்டும் பாருங்கள். ஒரே குடிநீர் 'நோயெதிர்ப்பைப் பெருக்கும்' என்றும் சொல்லப்படுகிறது. 'காய்ச்சலையும் உளைவையும் தணிக்கும்' என்றும் சொல்லப்படுகிறது. காய்ச்சலும் உளைவும் நோயெதிர்ப்பின் விளைவுகளாயின், எதிர்ப்பைப் பெருக்குவது அவற்றை மிகுவிக்குமே யல்லாது தணிக்குமா? தணிக்குமாயின், அது எதிர்ப்பின் ஒரு பகுதியை அமைதிப்படுத்துகிறது என்றல்லவா கொள்ளவேண்டும்? இரு கூற்றுகளையும் ஒரே புட்டியின்மீது எழுதியவர் இவ்வினாவை எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

நோயெதிர்ப்பு மிகுந்தால் நன்மையே விளையும் என்ற எண்ணமும் தவறானது. 1918ஆம் ஆண்டின் பெருந்தொற்றே இதற்குச் சான்று. உலக மக்களுள் மூன்றிலொரு பங்கினரை அது பற்றியது; ஏறத்தாழ 5 கோடிப் பேர் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர். அவ்வாண்டின் நடுப்பகுதியிற் கொழும்புத் துறைமுகத்தின் வழியே அந்நோய் நம் தீவுக்கும் வந்தது. குழந்தைகளும் முதியோரும் இறப்பது எல்லா இன்புளுவென்சாக் காலத்திலும் காணக்கூடியது. அம்முறையோ 20 முதல் 40 வயது வரையுள்ள திடகாத்திரமானவர்களும் பெருந்தொகையாக இறந்தனர். பழைய வைரசின் அமைப்பை ஆய்வாளர்கள் மீண்டும் உருவாக்கி, அதனைக் குரங்குகளுக்கு ஏற்றி நடத்திய ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. அக்குரங்குகளில் முதற்படி நோயெதிர்ப்பு கட்டுக்கடங்காது பெருகி, நுரையீரலையே சிதைத்தது. 1918இல் இறந்தோருட் பெரும்பாலோருக்கு, வைரசாற் புண்பட்ட நுரையீரலிற் பின்னர் பற்றீரியாக்கள் புகுந்து நியூமோனியாவை உண்டாக்கின என்பதும் 2008இல் வெளியான ஆய்விலே தெளிவாயிற்று. எதிர்ப்புக் குறைந்தாலும் கேடு. எல்லை மீறினாலும் கேடு. தீயை அணைக்க வந்தவர்கள் வீட்டையே இடித்துவிட்டாற் பயன் என்ன?

இது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. வாதம், பித்தம், ஐயம் ஆகிய மூன்றும் தத்தம் அளவில் நிற்பதே நலம் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. இவை அளவிற் கூடுவதும் குறைவதும் நோய்க்குக் காரணம் என்ற கருத்தைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் தொடக்கத்திலேயே கூறுகின்றது. ஆகவே, 'பெருக்கு, பெருக்கு' என்னும் கூப்பாடு இன்றைய விஞ்ஞானத்திலிருந்து வந்ததுமன்று. நம் முன்னோர் மருத்துவத்திலிருந்து வந்ததுமன்று. அது வணிகத்திலிருந்து வந்தது. பாட்டியின் குடிநீரைப் பழிப்பது என் நோக்கமன்று. அக்குடிநீரின்மேல் ஒட்டப்பட்ட விளம்பரச் சீட்டையே உரித்துக் காட்டுகிறேன்.

அவ்வாறாயின் குடிநீர் செய்யும் நன்மை யாது? அது சிறிதன்று. காய்ச்சற்காரர் உணவையும் நீரையும் வெறுப்பர். வியர்வையாலும் விரைந்த மூச்சாலும் உடல் நீரை இழக்கும். மணமும் காரமும் உள்ள சூடான பானம் நாவுக்கு இதமாக இருப்பதால் அதனை விரும்பிக் குடிப்பர். தொண்டைக் கரகரப்பு அடங்கும், மூக்கடைப்பு இளகும். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பது ஆய்வுகளிலும் புலப்பட்டுள்ளது. ஆடாதோடையின் வரலாறோ இன்னும் சுவையானது. அதன் இலையிலுள்ள வாசிசீன் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்எக்சின் என்ற மருந்தை 1960களில் ஐரோப்பிய மருந்தியலாளர் ஆக்கினர். இன்று மருந்துக் கடையில் வாங்கும் இருமற் பாணிகள் பலவற்றில் அது சேர்ந்திருக்கிறது. வேலியோரத்து ஆடாதோடையை இருமலுக்கென்று பறித்த நம் முன்னோரின் கூரிய நோக்கை இது மெய்ப்பிக்கிறது. ஆனால், அவர்கள் அதனைப் பறித்தது சளியை இளக்குவதற்கே என்பதையும் நாம் மறத்தலாகாது.

நோயாளிக்கு ஆறுதல் தருவது ஒன்று. நோயை அகற்றுவது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நீங்கள் அறிந்ததே. இன்புளுவென்சாக் காய்ச்சல் மூன்று நான்கு நாட்களில் தானே தணியும் இயல்புடையது. முதலாம் நாள் குளிகையும், இரண்டாம் நாள் நேர்த்திக்கடனும், மூன்றாம் நாள் குடிநீருமாகச் செய்தவருக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டால், புகழ் முழுவதும் குடிநீருக்கே போய்ச் சேரும். இம்மயக்கத்தைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. ஒத்த நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தையும், மற்றதற்கு மருந்தைப் போலத் தோன்றும் வெறும் பாணியையும் கொடுத்து, எவருக்கு எது கிடைத்தது என்பதை மறைத்து வைத்து ஒப்பிட வேண்டும்.

எல்டர் என்னும் ஐரோப்பியச் செடியின் கருங்கனிச் சாற்றை இவ்வாறு பரிசோதித்தனர். நோர்வேயில் 60 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2004இல் வெளியாயிற்று. சாறு குடித்தோர் ஏறக்குறைய நான்கு நாட்கள் முன்னதாகவே குணமடைந்தனர் என்றது அது. உலகெங்கும் அப்பாணி விலைப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் 87 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2020இல் வெளியாயிற்று. சாற்றினால் யாதொரு பயனும் காணப்படவில்லை என்றது இது. ஒரு சிறு பரிசோதனையை நம்பிக் கொடி பிடித்தலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

2009ஆம் ஆண்டின் பெருந்தொற்றின்போது சீனத்தில் நடந்த பரிசோதனை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 11 மருத்துவமனைகளில் 410 நோயாளிகளை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு மருந்து ஒன்றுமில்லை. ஒரு குழுவுக்கு ஒசெல்தாமிவிர் என்னும் மேனாட்டு மருந்து. ஒரு குழுவுக்குச் சீன மரபின்படி பல மூலிகைகள் சேர்ந்த குடிநீர். ஒரு குழுவுக்கு இரண்டும். 2011இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெறாதோருக்குக் காய்ச்சல் தணிய இடைநிலை அளவில் 26 மணி நேரமும், ஒசெல்தாமிவிர் பெற்றோருக்கு 20 மணி நேரமும், குடிநீர் பெற்றோருக்கு 16 மணி நேரமும், இரண்டும் பெற்றோருக்கு 15 மணி நேரமும் சென்றன. மூலிகையை எள்ளி நகையாடுவோர் இவ்வெண்களைக் கவனிக்க வேண்டும். மூலிகையைத் தலைமேற் கொண்டாடுவோர் கவனிக்க வேண்டியனவும் உள. அந்நோயாளிகள் பெரும்பாலும் இளவயதினர். அவர்களுக்குக் கண்ட நோயும் கடுமையற்றது. ஒப்பிடுவதற்கு வெறும் பானம் கொடுக்கப்படவில்லை. வைரசின் அளவு பற்றித் திட்டமான முடிவுக்கு வரவும் இயலவில்லை. காய்ச்சல் தணிந்தது மெய். வைரசு விரைவில் அகன்றதா என்பது வேறு வினா.

மூலிகையிலிருந்து உண்மையான மருந்து பிறப்பதில்லையா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பிறக்கும். மலேரியாவுக்குக் கொயினா தந்த சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென்றே 1861இல் நம் மலைநாட்டின் அக்கலைத் தாவரத் தோட்டம் தொடங்கப்பட்டது. சற்று முன் கூறிய ஒசெல்தாமிவிரும் ஒரு வாசனைச் சரக்கோடு தொடர்புடையதே. நட்சத்திரம் போன்ற வடிவுடைய அன்னாசிப்பூவில் சிக்கிமிக் அமிலம் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. 1885இல் யோகான் எய்க்மன் என்னும் ஒல்லாந்த இரசாயனர், அவ்வினத்தைச் சேர்ந்த யப்பானியச் செடியிலிருந்து இதனை முதலிற் பிரித்தெடுத்தார். நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின், இவ்வமிலத்தைத் தொடக்கப் பொருளாகக் கொண்டு பல இரசாயனப் படிகளைக் கடந்து ஒசெல்தாமிவிர் ஆக்கப்பட்டது. 1999இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. புதிதாக ஆக்கப்பட்ட வைரசுகள் கலத்தை விட்டு வெளியேறாதவாறு அம்மருந்து தடுக்கிறது. ஆயினும் அன்னாசிப்பூவை அவித்துக் குடித்தால் ஒசெல்தாமிவிர் குடித்ததாகாது. நெல்லை மென்றால் புட்டு உண்டதாகுமா? மேலும், எய்க்மன் ஆராய்ந்த யப்பானியச் செடியின் காய் பார்வைக்கு அன்னாசிப்பூவைப் போன்றே இருக்கும். ஆனால் அது நஞ்சு.

இனி, இவ்வுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நம் நாட்டிற் காய்ச்சல் எல்லாம் இன்புளுவென்சா அன்று. மழைக்காலத்தில் அதே கடுங்காய்ச்சலோடும் அதே உளைவோடும் டெங்கு வரும். வயலிலும் சேற்றிலும் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வரும். தொடக்க நாட்களில் இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்தறிவது வைத்தியருக்கே கடினம். டெங்குவில் ஒரு கொடிய சூழ்ச்சி உண்டு. நான்காம் ஐந்தாம் நாளிற் காய்ச்சல் தணியும் வேளையிலேயே, சிலருக்குக் குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து உயிராபத்து நேரும். 'குடிநீர் வேலை செய்துவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டது' என்று வீட்டார் மகிழும் அந்நேரமே நோயாளி மிக இடருக்குள்ளாகும் நேரமாகவும் இருக்கக்கூடும். ஆகையாற் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாளுக்குள் வைத்தியரைக் கண்டு குருதிப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். அதுவரையிற் காய்ச்சலுக்குப் பரசிற்றமோலை உரிய அளவில் மட்டும் கொடுக்கலாம். அசுப்பிரின், இபுபுரோபன் போன்றவற்றை வைத்தியர் சொல்லாமற் கொடுத்தலாகாது. டெங்குவாயின் அவை குருதிக் கசிவை மிகுவிக்கும்; இன்புளுவென்சாக் கண்ட சிறுவருக்கு அசுப்பிரின் மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய விளைவைத் தரக்கூடும்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு நோவு, உதடு நீலித்தல், மயக்கம், புத்தித் தடுமாற்றம், ஓயாத வாந்தி, சலம் குறைதல், குழந்தை நீராகாரம் மறுத்தல், தணிந்த காய்ச்சல் மீண்டும் கடுமையாக எழுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால், அடுப்பிற் கொதிக்கும் குடிநீரை இறக்கி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். கர்ப்பிணிகள், முதியோர், கைக்குழந்தைகள், நீரிழிவு, தொய்வு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் இவ்வறிகுறிகள் தோன்றும்வரை காத்திருத்தலும் கூடாது. ஒசெல்தாமிவிர் போன்ற மருந்துகள், நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டாலே பெரும்பயன் தரும்.

குடிநீரிலும் கவனம் தேவை. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. அதிமதுரத்தைப் பல நாட்கள் மிகுதியாக உண்டால் குருதி அழுத்தம் ஏறும். உடலிலுள்ள பொற்றாசியம் குறையும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது. வைத்தியர் மருந்து கொடுக்கும்போது, வீட்டில் அருந்தும் கசாயத்தையும் அவரிடம் ஒளியாது கூறிவிட வேண்டும். சித்த வைத்தியரை நாடுவோர் பதிவு பெற்றவரையே நாடுதல் வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியருக்கும் பதிவு முறை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் கைதடியிற் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. முறையாகக் கற்ற சித்த வைத்தியர் தம் மருந்தின் எல்லையை அறிவர்; வேளையறிந்து நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் அறிவர்.

எல்லையறியாத நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020ஆம் ஆண்டு திசம்பரில் நாடே கண்டது. தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணியொன்று கொரோனாவைத் தடுக்கும் என்ற செய்தி பரவ, அதனைப் பெறுவதற்காகக் கேகாலை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். மூச்சுக் காற்றாற் பரவும் நோய்க்கு மருந்து தேடிப் போனவர்கள், அந்நோய் பரவுவதற்கேற்ற கூட்டத்தைத் தாமே உண்டாக்கினர். அப்பாணியைப் பலரறிய அருந்தியவர்களுட் சிலர் 2021 சனவரியிலே தாமும் அந்நோய்க்கு ஆளாயினர்.

நோயெதிர்ப்பை மெய்யாகவே ஆயத்தப்படுத்தும் வழி உண்டா? உண்டு, அதுவே தடுப்பூசி. அது எதிர்ப்பைப் பொதுவாகப் பெருக்குவதன்று. 'உன் பகைவன் இன்ன உருவினன்' என்று உடலுக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது. ஏறத்தாழ இரண்டு கிழமையில் அதற்கேற்ற பிறபொருளெதிரிகள் ஆயத்தமாகிவிடும். இன்புளுவென்சா வைரசு தன் மேற்புறப் புரதங்களை ஓயாது மாற்றிக்கொள்வதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை ஊசியின் சேர்க்கையை மீளாய்வு செய்கின்றது. ஆதலால் ஊசியையும் ஆண்டுதோறும் போடவேண்டியிருக்கிறது. அது நோயை முற்றாகத் தடுக்கும் என்று கூறமுடியாது. எனினும் நோயின் கடுமையையும் இறப்பையும் குறைக்கும். முதியோரும் கர்ப்பிணிகளும் நீண்டகால நோயுள்ளோரும் இதுபற்றித் தம் வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. இதனோடு போதிய உறக்கமும், சத்துள்ள உணவும், புகையிலையை விலக்குதலும் எதிர்ப்பைச் சீராக வைத்திருக்கும். இவற்றுள் எதனையும் புட்டியில் அடைத்து விற்க இயலாது.

பெற்றோரிடம் ஓர் அதிபராக எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இன்புளுவென்சாக் கண்டவர், அறிகுறி தோன்றுவதற்கு ஒருநாள் முன்னிருந்தே நோயைப் பரப்பத் தொடங்கி, பின்னும் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரப்பக்கூடும். காலையில் ஒரு பேணி மல்லித் தண்ணீர் கொடுத்து, காய்ச்சல் சற்றுத் தணிந்தவுடன் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவோர் உளர். தவணைப் பரீட்சையும், தவறாத வரவுக்குக் கிடைக்கும் பரிசும் அவர்களைத் தூண்டுகின்றன. அப்பிள்ளை தன் வாங்கிலுள்ள தோழருக்கு நோயைக் கொடுக்கும். அத்தோழர் வீட்டில் தொய்வுள்ள பாட்டனாரோ, பச்சைக் குழந்தையோ இருக்கலாம். காய்ச்சல் குளிகையின் உதவியின்றியே முற்றாக விட்டு, அதன்பின் ஒரு நாளாவது கழியும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள். இழந்த பாடத்தை நாங்கள் மீண்டும் கற்பித்துவிடலாம்.

நேயர்களே, நம் அடுக்களைக் குடிநீர் நோயாளியின் நாவை நனைக்கும், தொண்டையை ஆற்றும், சளியை இளக்கும், அதனைக் காய்ச்சிக் கொடுக்கும் கையின் அன்பு மனத்தைத் தேற்றும். வைரசை வெல்லும் வேலையை உடலே செய்கின்றது. அவ்வுடலுக்கு ஓய்வும் நீரும் காலமும் கொடுப்பதற்குக் குடிநீர் ஒரு துணை. துணையைத் துணையாகப் போற்றுவோம். அதனைக் காவலனாக எண்ணி ஏமாறாதிருப்போம். கொத்தமல்லியை அவிக்கும்போது நாட்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்குள் வைத்தியரிடம் செல்லுங்கள்.